கல்லறைத் திருநாளுக்கு ஒரு கடற்கரைப் பயணம்

அக்டோபர் 29, ஞாயிறு – தூத்துக்குடி

நவம்பர் 2ஆம் தேதி கத்தோலிக்கர்களுக்குச் சகல ஆன்மாக்களின் திருநாள்; தூத்துக்குடிக் கடற்கரையில் அதைக் கல்லறைத் திருநாள் என்பார்கள். சென்ற தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், இறந்துபோன என் தோழிக்கு இது முதல் கல்லறைத் திருநாள். அவளுடைய அம்மா கைப்பேசியில் அழைத்து, "நீ வராம இருந்துறாத தாயி" என்று மட்டும் சொன்னார். போவது என்று ஆனபின் சில நாள் முன்னதாகவே கிளம்பி, நோயோடு இருந்த காலத்தில் அவள் போய்வந்த இடங்களையும், போகாமலே பேசிக்கொண்டிருந்த இடங்களையும் பார்த்தபடி தெற்கே இறங்கலாம் என்று தோன்றியது. இந்தக் கடற்கரையில் தேவாலயத்தைக் கோயில் என்றும், திருப்பலியைப் பூசை என்றும், பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை வாங்குவதை நன்மை வாங்குவது என்றும் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். அவளுடைய பெயரும் ஊரும் இதில் வராது. அது குடும்பத்தாரின் விருப்பம்.

நான் கிறிஸ்தவள் அல்ல. எங்கள் வீட்டுக்குத் திருச்செந்தூர் முருகன்தான் எல்லாம்; நானோ அவனையும் கல்யாணம் காட்சி என்றால்தான் எட்டிப்பார்ப்பேன். கல்லூரி விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தபோது, இரவு விளக்கை அணைத்தபிறகு அவள் கட்டிலில் செபமாலை மணிகள் உரசும் சத்தம் கேட்கும். அப்போது அது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு சத்தம் என்பதற்குமேல் ஒன்றுமில்லை.

இன்று காலை பனிமய மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாதாவின் சுரூபம், அதாவது சிலை, 1555இல் 'சாந்தா எலேனா' என்ற கப்பலில் இந்தக் கரைக்கு வந்தது என்பது இங்குள்ளவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. இப்போது நிற்கும் கோயில் 1713இல் அர்ச்சிக்கப்பட்டது. 1982இல் போப் இரண்டாம் ஜான் பால் அதைப் பேராலயமாக உயர்த்தினார். ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் முடியும் திருவிழாவின்போது கால் வைக்க இடம் கிடைக்காத தெருவில், இன்று ஆட்டோ நேராக வாசல்வரை வந்து நின்றது.

அவள் கடைசியாக இங்கே வந்தது, கீமோ நடந்துகொண்டிருந்த ஆண்டின் ஆகஸ்ட் திருவிழாவுக்கு. தலையில் ஒரு முடிகூட இல்லை. சேலை முந்தானையை முக்காடாகப் போட்டிருந்தாள். கோயிலுக்குள் முக்காடு போடுவது அவர்கள் பெண்களின் வழக்கம் என்பதால், அத்தனை கூட்டத்திலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். "மொட்டைத் தலைய மறைக்க மாதா கோயில விடத் தோதான இடம் இல்ல ஏட்டி" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு வந்தது சூலகப் (சினைப்பைப்) புற்றுநோய். இந்த நோய் பெரும்பாலான பெண்களுக்குப் பிந்தித்தான் தெரியவரும். அவளுக்கும் வயிறு உப்பிய பிறகே தெரிந்தது, அப்போதே மூன்றாம் கட்டம். அறுவை சிகிச்சை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்துகள், அதன்பின் ஓராண்டு நிம்மதி. பிறகு நோய் திரும்பியது. திரும்பிய நோய் முழுதும் குணமாவது அரிது என்பதை மருத்துவர் மறைக்காமல் சொன்னார்; கணக்கு டீச்சரான அவளும் அதைச் சுற்றிவளைக்காமல் எனக்குச் சொன்னாள். அன்றுமுதல் அவளைப் பார்த்தவள் என்ற முறையில் ஒன்றை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். பக்தி என்றால் நோய் தீரும் என்ற எதிர்பார்ப்பு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அவளிடம் அந்த எதிர்பார்ப்பு இல்லாமல் போன பிறகுதான் அவளுடைய பக்தி முழுவேகத்தில் வேலை செய்யத் தொடங்கியது.

சாயங்காலம் அவளுடைய பங்குக் கோயிலுக்கும் போனேன்; பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம். சென்ற பிப்ரவரி 11 அன்று அங்கேதான் அவளுக்கு எண்ணெய் பூசினார்கள். அது லூர்து மாதா திருநாள். அந்த நாளையே 1992இல் இரண்டாம் ஜான் பால் உலக நோயாளர் நாளாக அறிவித்தார். அன்று பல பங்குகளில் நோயாளிகளை வரவழைத்து, பூசைக்கு நடுவே நோயில் பூசுதல் என்ற திருவருட்சாதனத்தைக் கொடுக்கிறார்கள். பழைய தலைமுறைக்கு அது இன்னும் 'அவஸ்தைப் பூசுதல்'தான், அதாவது உயிர் ஊசலாடும்போது சாமியாரை (குருவானவரை) கூப்பிட்டுக் கொடுப்பது. 1972இல் போப் ஆறாம் பவுல் அந்தச் சடங்கைத் திருத்தி, கடும் நோயில் இருக்கும் எவருக்கும் அதைக் கொடுக்கலாம், நோய் முற்றினால் மறுபடியும் கொடுக்கலாம் என்று தெளிவுபடுத்திவிட்டார் என்றாலும், அவளுடைய அம்மா காதில் அது ஏறவில்லை. "எண்ணெய் பூசிட்டா அப்புறம் ஆளு திரும்புறது இல்ல" என்று அழுதார். "பூசலைன்னா மட்டும் திரும்பவா போறேன், வாங்கம்மா" என்று இவள்தான் அவரைக் கிளப்பினாள்.

பூசைக்கு நானும் போயிருந்தேன். முன்வரிசை பெஞ்சுகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எல்லாம் எண்பதைத் தொட்ட கிழவர் கிழவிகள். நடுவில் இவள் ஒருத்தி. சாமியார் ஒவ்வொருவர் தலைமேலும் பேசாமல் கை வைத்துவிட்டு, புனித வாரத்தில் ஆயர் மந்திரித்த ஒலிவ எண்ணெயைப் பெருவிரலில் தொட்டு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் சிலுவை வரைந்தார். இவள் முறை வந்தபோது ஊசி குத்திக் கறுத்துப்போன புறங்கைகளைத் திருப்பி உள்ளங்கைகளை நீட்டினாள். இரண்டாண்டுகளாக அந்தக் கைகளைத் தொட்டவர்கள் நரம்பு தேடத்தான் தொட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தபின் வெகுநேரம் கைகழுவாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டை அம்மா ஊட்டிவிட்டார்.

அக்டோபர் 30, திங்கள் – புன்னைக்காயல், மணப்பாடு

தூத்துக்குடியிலிருந்து தெற்கே திரும்பும் சாலையில் உப்பளங்கள் முடிந்ததும் வாழைத்தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. தாமிரபரணி கடலில் சேரும் இடம் புன்னைக்காயல். 1586இல் 'அடியார் வரலாறு' என்ற புனிதர் சரிதை இங்கேதான் தமிழில் அச்சானது. அதை எழுதிய அண்டிரிக் அடிகள் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்ற பெயரால் ஓரளவு அறியப்பட்டவர். ஆனால் இந்த ஊரில் அவர் ஒரு மருத்துவமனையும் நடத்தினார், ஊர்மக்கள் கொடுத்த பணத்தில் அது நடந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதைச் சொன்னவள் அவள்தான். மதுரையில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது, "எங்க கடற்கரையில பதினாறாம் நூற்றாண்டுலயே ஆஸ்பத்திரி இருந்துச்சு, இன்னைக்கு ஒரு மார்பின் மாத்திரைக்கு அண்ணன் ஜில்லா ஜில்லாவா அலையுறான்" என்றாள். மார்பின் கிடைக்காமல் இருப்பதற்குக் காரணம் ஊர் அல்ல, சட்டம். 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வலிக்கான மார்பினையும் கஞ்சா, அபினோடு சேர்த்து இறுக்கிவிட்டது. 2014இல் திருத்தினார்கள், ஆனால் இறுகிப்போன பயம் கடைகளில் இன்னும் தளரவில்லை.

புன்னைக்காயலில் அதிகநேரம் நிற்கவில்லை. காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூரைக் கடக்கும்போது பேருந்திலிருந்தே கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அம்மா கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். குலசேகரப்பட்டினம் தாண்டி, மதியத்துக்குமேல் மணப்பாடு.

மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது. புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் உடைந்த பாய்மரத்தில் செய்து நட்ட குருசிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. குன்றின் சரிவில், கடலைப் பார்த்த முகமாக, பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்த குகை. உள்ளே ஒரு கிணறு. அலை எட்டும் தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை. திருவிழா செப்டம்பர் 14இல் முடிந்துவிட்டதால் இன்று குகையில் என்னைத் தவிர ஒரு குடும்பம் மட்டும் இருந்தது. அந்தக் குழந்தை கிணற்று வாளியை விடமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தது.

சவேரியார் இந்தக் கடற்கரைக்கு வந்தது 1542இல். தமிழ் தெரியாது, சிலரை உடன் வைத்துக்கொண்டு செபங்களையும் கட்டளைகளையும் தட்டுத்தடுமாறித் தமிழில் ஆக்கி, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்யவைத்தார். இது எல்லாரும் அறிந்தது. என் தோழிக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. நோயாளிகள் வீட்டுக்கு வாருங்கள் என்று ஊர் ஊராக அழைப்பு வந்தபோது எல்லா இடத்துக்கும் தம்மால் போக முடியாமல், செபம் கற்ற பிள்ளைகளைத் தம் செபமாலையைக் கொடுத்து அனுப்பினார் என்று அவரே ரோமுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. பிள்ளைகள் நோயாளியின் வீட்டுக்குப் போய், வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிவைத்து, விசுவாச மந்திரத்தைச் சொல்லவேண்டும். அவ்வளவுதான் மருந்து.

ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே இருப்பதை அவள் வீட்டில் கண்டேன். மரியாயின் சேனை என்று ஒரு பொதுநிலையினர் சபை, அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாத சாதாரண விசுவாசிகளின் சபை, இருக்கிறது. 1921இல் டப்ளினில் தொடங்கியது, தமிழ்நாட்டுப் பங்குகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது. அதன் உறுப்பினர்கள் நோயாளிகளைப் பார்க்கத் தனியாகப் போவதில்லை, இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். வாரந்தோறும் அவள் வீட்டுக்கு இரண்டு பெண்கள் வருவார்கள். ஒருவர் மீன் விற்பவர், இன்னொருவர் ஓய்வுபெற்ற செவிலியர். நலம் விசாரிப்பு என்ற பெயரில் நோய்க்கதை கேட்பது கிடையாது. ஒரு செபமாலை சொல்வார்கள். பிறகு சமையலறைத் தொட்டியில் கிடக்கும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கோயிலிலிருந்து ஒருவர் சிறிய பொன்னிறப் பெட்டியில் நன்மை கொண்டுவருவார். அதற்காகக் கட்டிலருகே ஸ்டூலில் வெள்ளைத்துணி விரித்து மெழுகுதிரி ஏற்றிவைத்திருப்பார்கள். இதெல்லாம் யாரும் அவளுக்காகப் புதிதாக யோசித்துச் செய்ததல்ல. இப்படி ஒருத்தி படுத்தால் இன்னின்னது செய்யவேண்டும் என்று முன்பே இருந்தது. அவள் படுத்தாள், அது நடந்தது. என் வீட்டில் நான் படுத்தால் வாட்ஸப்பில் நிறைய பேர் கைகூப்புவார்கள்.

சவேரியார் 1552 டிசம்பர் 3ஆம் தேதி, சீனாவுக்குள் போகக் கப்பல் வரும் என்று காத்திருந்த ஒரு தீவில், பக்கத்தில் ஒரு குருவானவர்கூட இல்லாமல் இறந்தார். மணப்பாட்டுக் குகையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவள் இதைச் சொல்லாமல் விடமாட்டாள். "அவ்வளவு பெரிய சவேரியாருக்கே கடைசியில நன்மை குடுக்க ஆள் இல்ல. எனக்கு வாராவாரம் கட்டிலுக்கே வருது. நான் என்னத்தக் குறை சொல்ல?"

அக்டோபர் 31, செவ்வாய் – உவரி

செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உரியது. 1231இல் பதுவையில் அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாயில் என்பதால் ஏற்பட்ட வழக்கம் அது. உவரியில் செவ்வாய் என்றால் கூட்டம் சொல்லவேண்டியதில்லை. திங்கள் இரவே வந்து கோயில் வளாகத்து மணலில் பாய் விரித்துத் தூங்கியவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள், சங்கிலி கட்டாமலே மகனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி நடக்கும் தாய்மார்கள். காலராக் கண்ட போர்த்துக்கீசியக் கப்பலில் தச்சர் ஒருவர் அந்தோணியாரின் சுரூபத்தைச் செதுக்க, கொள்ளைநோய் நின்றது. அந்தச் சுரூபத்தைத்தான் உவரிக் கரையில் வைத்துப் போனார்கள் என்பது கோயிலின் தோற்றக் கதை. ஆகவே தொடக்கத்திலிருந்தே இது நோய் தீர வேண்டிக்கொள்ளும் இடம்.

அவளுடைய அம்மா இன்று இங்கேயே வந்து என்னோடு சேர்ந்துகொண்டார். மெழுகுதிரி ஏற்றினார், காணிக்கை போட்டார், தலை குனிந்து வெகுநேரம் நின்றார். அந்தோணியார்மேல் அவருக்குக் கோபம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கேட்டேவிட்டேன். "கோவப்பட்டேன், ரெண்டு மாசம் இங்க வரல. அப்புறம் அவருகிட்டயே வந்துதான அதையும் சொல்லணும்?" என்றார்.

நோய் திரும்பிய பிறகு தாயும் மகளும் இங்கே வந்து ஓர் இரவு தங்கினார்கள். அம்மா முழுக்குணம் கேட்டார். அவள் கேட்டது வேறு; எனக்கு மட்டும் சொன்னாள். ஓர் இரவு வலியில்லாமல் முழுத்தூக்கம் வேண்டும், அவ்வளவே. அன்று இரவு மணலில் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் வலி தணிப்பு மருத்துவர் ஒருவர் மார்பின் அளவைச் சரிசெய்து கொடுத்தார். அன்று இரவு ஆறு மணிநேரம் தூங்கினாள். அதை அந்தோணியார் கணக்கில்தான் வரவு வைத்தாள். நான் வாதாடிப் பார்த்தேன். "டாக்டர யாரு அனுப்புனான்னு உனக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றுதான் சொல்லவேண்டியிருந்தது.

மார்பின் மாத்திரையைப் பற்றி இன்னொன்றும் எழுதவேண்டும், ஏனென்றால் அவளுடைய பக்தி எப்படிப்பட்டது என்பதை இதைவிட நெருக்கமாக என்னால் காட்ட முடியாது. நாலு மணிநேரத்துக்கு ஒன்று என்று கொடுக்கும் அந்த மாத்திரை, விழுங்கி ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்துத்தான் வேலை செய்யத் தொடங்கும். அந்த அரைமணிதான் நரகம். வலி ஏற்கெனவே தலைக்கு ஏறியிருக்கும், மருந்து இன்னும் வந்து சேர்ந்திராது. மாத்திரையை விழுங்கியதும் அவள் செபமாலையைக் கையில் எடுப்பாள். மாதாவை நோக்கிச் சொல்லும் அருள் நிறைந்த மந்திரம் ஐம்பத்துமூன்று தடவை, நடுநடுவே பரலோக மந்திரமும் திரித்துவப் புகழும். நிதானமாகச் சொன்னால் இருபது நிமிடம் ஆகும், மாதா பிரார்த்தனையையும் சேர்த்தால் அரைமணி. எந்தக் கிழமையானாலும் அவள் சொல்வது துக்க மறைபொருள்கள்தான். பூங்காவனத்தில் இரத்த வியர்வை, கற்றூணில் அடி, முள்முடி, சிலுவை சுமத்தல், மரணம். மூன்றாவது பத்து மணிகளில் முகத்தில் வேர்வை வழியும். குரல் போய் உதடு மட்டும் அசையும். விரல் மணியை விட்டு நகராமல் ஒரே இடத்தில் நிற்கும், பிறகு அடுத்த மணிக்குப் போகும். ஐந்தாவது பத்து முடியும்போது தோள் கொஞ்சம் இறங்கும். அப்போதுதான் நாங்கள் மூச்சுவிடுவோம்.

வலியை 'ஒப்புக்கொடுப்பது' என்பார்கள். தன் வலியைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்து இன்னொருவருக்காகக் கொடுத்துவிடுவது. எனக்கு இந்தக் கருத்தில் அன்றும் இன்றும் உடன்பாடில்லை. யாருடைய வலியும் யாருக்கும் உதவாது என்பது என் எண்ணம். ஆனால் கையில் கிடக்கும் வலியை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பதிலும் இருந்ததில்லை. அவளிடம் இருந்தது. ஒரு நாள் வலியைத் தன் வகுப்பில் கணக்கு வராத ஒரு பையனுக்குக் கொடுத்தாள், ஒரு நாள் ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பாத படகுக்கு, ஒரு நாள் எனக்கும் என் மாமியாருக்கும் சமாதானம் ஆக. (ஆகவில்லை. அவளிடம் ஆகிவிட்டது என்றேன்.)

அந்தக் காலத்தில் வேறு விதமான ஆட்களும் வந்தார்கள். தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் என்று சொல்லி வந்து, தலையில் கைவைத்துச் சத்தம் போட்டு, அறிக்கையிடாத பாவம் ஏதோ தடுக்கிறது, விசுவாசம் போதவில்லை, மாத்திரையை நிறுத்திப் பார் என்றார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. அவள் காப்பி போடச் சொல்லி, குடிக்கவைத்து, வழியனுப்பிவிட்டு, "அடுத்த மாத்திரைக்கு மணி என்ன?" என்று கேட்டாள்.

நவம்பர் 1, புதன் – அவளுடைய ஊர்

இன்று சகல புனிதர்களின் திருநாள். ஆனால் ஊர் முழுக்கக் கல்லறையில்தான் இருந்தது. மணல் அள்ளிச் சமப்படுத்துவதும், சுண்ணாம்பு அடிப்பதும், மங்கிய எழுத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் ஏற்றுவதும் நாள் முழுதும் நடந்தது. வடகிழக்குப் பருவமழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும் என்பதால் பந்தல் போடலாமா வேண்டாமா என்ற பேச்சு ஒருபக்கம். அவளுடைய அண்ணன் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு எனக்கும் ஒரு மட்டையை நீட்டினார். சிமெண்டுப் பெட்டிபோல ஒரு மேடு, தலைமாட்டில் குருசு, பெயர், இரண்டு தேதிகள். அடித்துமுடித்தபோது என் சேலையெல்லாம் வெள்ளை.

இரவு அவளுடைய பழைய அறையில் படுத்திருக்கிறேன். சுவரில் குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் படம் இருக்கிறது. காசநோயில் 1897 செப்டம்பர் 30 அன்று, 24 வயதில் இறந்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ. ரோசாப்பூவோடு சிரிக்கும் இந்தப் படம் கத்தோலிக்க வீடுகளில் பரவலாக உண்டு. அந்தச் சிரிப்பை வைத்து இவரை மிட்டாய்ச் சாமி என்று நான் கேலி செய்ததுண்டு. அப்படியல்ல என்பதை அவள்தான் சொன்னாள். கடைசி ஒன்றரை ஆண்டுகள் தெரேசம்மாளுக்கு மோட்சம் இருக்கிறது என்ற எண்ணமே பிடிபடவில்லை. திரை அல்ல, வானம்வரை எழும்பிய சுவர் என்று அதை அவர் எழுதிவைத்திருக்கிறார்.

சென்ற ஜனவரியில் ஒரு நாள் இதே அறையில் அவளும் அதைச் சொன்னாள். "ரெண்டு வாரமா ஒண்ணுமே தோணல. வாய் சொல்லுது, உள்ள யாருமில்ல. சுவரப் பாத்துப் பேசுற மாதிரி இருக்கு." விட்டுவிடேன், ஓய்வெடு என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "தோணுறப்ப சொல்றதுக்கு நான் எதுக்கு? தோணாதப்ப சொல்லத்தான சின்ன வயசுலயே மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க." நம்பிக்கை என்பது மனத்தில் பொங்கும் ஓர் உணர்ச்சி, அது பொங்குபவர்களுக்குப் பொங்குகிறது, நமக்கு இல்லை என்று சொல்லி நான் நழுவிக்கொண்டிருந்த வழியை அந்தப் பதில் அடைத்துவிட்டது. அவளுக்கும் பொங்கவில்லை. அவள் மணியை நகர்த்திக்கொண்டிருந்தாள். வாரக்கணக்கில் அப்படியே போயிற்று; பிறகு எப்போது, எப்படி என்று சொல்லாமல், "பரவால்ல ஏட்டி, இப்ப பரவால்ல" என்றாள். நானும் தோண்டிக் கேட்கவில்லை.

நவம்பர் 2, வியாழன் – கல்லறைத் திருநாள்

பிரான்சில் குளுனி மடத்தின் தலைவர் ஒதிலோ பதினொன்றாம் நூற்றாண்டு பிறப்பதற்குச் சற்று முன் தம் மடங்களில் தொடங்கிவைத்த நாள் இது. 1915இல், முதல் உலகப்போரில் பிணங்கள் குவிந்துகொண்டிருந்தபோது, பதினைந்தாம் பெனடிக்ட் ஒவ்வொரு குருவும் இந்த ஒரு நாளில் மூன்று பூசை வைக்கலாம் என்று அனுமதித்தார். இங்கே காலைப் பூசை கோயிலில். சாயங்காலப் பூசை கல்லறையிலேயே, மணலில் மேசை போட்டு நடந்தது.

பூசைக்கு முன் இந்த ஓராண்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒருவர் வாசித்தார். அவள் பெயர் வந்தபோது அம்மா, பள்ளியில் வருகைப்பதிவுக்குச் சொல்வதுபோல, மெல்ல "ம்" என்றார். பூசை முடிந்து சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். செவ்வந்தி மாலை, ஊதுவத்தி, வரிசையாக மெழுகுதிரி. காற்று விடவில்லை, அண்ணன் மகன் ஒரு கல்லறையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடி அணைந்த திரிகளை ஏற்றிக்கொண்டிருந்தான், தன் வீட்டுக் கல்லறை பக்கத்து வீட்டுக் கல்லறை என்ற வித்தியாசமில்லாமல்.

இந்தச் சாமியாரும் அவளும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று கோயிலுக்கு வர முடியாத அவளுக்கு வீட்டுக்கே சாம்பல் கொண்டுவந்தார். முந்தைய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பலை நெற்றியில் இடும்போது, மனிதனே நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவில் கொள் என்று சொல்வது முறை. சொல்லத் தொடங்கிய அவருக்குத் தொண்டை அடைத்துப் பாதியில் நின்றது. "முழுசும் சொல்லுங்க சாமி, எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். அவர் முழுவதும் சொல்லி முடித்தார்.

அவள் இறந்த விதம் பற்றி ஊரில் ஒரு கதை இருக்கிறது. இன்று கல்லறையில் நின்ற பெண்களிடம் மறுபடியும் கேட்டேன். எல்லாரும் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, அருள் நிறைந்த மந்திரத்தில் 'எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' என்று வரும் இடத்தில் உயிர் பிரிந்தது என்பது கதை. நான் அங்கே இருந்தேன், அப்படி நடக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்டார், மறுபடி எண்ணெய் பூசினார், வழியுணவு என்கிற கடைசி நன்மையைக் கொடுத்தார். அப்பத்தை விழுங்க முடியாது என்பதால் ஒரு நகத்துணுக்கு அளவு கிள்ளி, ஒரு கரண்டித் தண்ணீரோடு. இரவெல்லாம் மாற்றி மாற்றிச் செபம் நடந்தது. விடிந்ததும் எல்லாரும் களைத்து எழுந்துவிட்டார்கள். அம்மா அடுக்களையில், அண்ணன் பால் வாங்கப் போயிருந்தார், நான் சன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பினேன். மூச்சு நின்றிருந்தது. கையில் செபமாலை இருந்தது உண்மை. அது எப்போதும் இருப்பதுதான்.

கதையை நான் திருத்தவில்லை. நாள்தோறும் ஐம்பத்துமூன்று தடவை தன் மரண நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒருத்திக்கு அந்த நேரம் அந்நியமாக இருந்திராது என்பதுவரை ஊரார் சொல்வதும் நான் பார்த்ததும் ஒன்றுதான். அவளிடம் பயம் இருந்தது. வயிற்றில் கோத்த நீரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்து நசுக்கியிருக்கிறாள். ஆனால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் அவள் விழித்ததை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நவம்பர் 3, வெள்ளி

மதியப் பேருந்துக்குக் கிளம்பவேண்டும். காலையில் வீட்டில் பெரிய சண்டை. முதலாண்டுப் பூசையும் அசனமும் (ஊருக்குப் போடும் விருந்தும்) எப்போது வைப்பது என்பதில் தாயும் மகனும் மோதிக்கொண்டார்கள். இறந்த தேதி அடுத்த ஆண்டும் தவக்காலத்துக்குள்ளேயே வருகிறது. தவக்காலத்தில் கறி ஆகாது. ஊரைக் கூப்பிட்டு அசனம் போட்டுவிட்டுச் சாம்பார் ஊற்றினால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள் என்பது அண்ணன் கட்சி. தேதியை மாற்றினால் அது யாருக்கு வைக்கும் பூசை என்பது அம்மா கட்சி. என்னை நடுவர் ஆக்கினார்கள். திதி தவறக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான்; அம்மா பக்கம்தான் சாய்ந்தேன். கடைசியில் சாமியாரைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டார்கள். பூசையை அந்தத் தேதியிலேயே வைத்துவிடுங்கள், அசனத்தைப் பாஸ்கா (ஈஸ்டர்) முடிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இரண்டுக்கும் நான் வரவேண்டுமாம். பூசைக்கு முதல் வாசகம் நான் வாசிக்கலாமா, நம்பாதவள் வாசிக்கலாமா என்று கேட்டேன். "உனக்குத்தான் நல்லா சத்தமா வாசிக்க வரும்" என்றார் அம்மா. பைபிளில் யோபு ஆகமத்திலிருந்து ஒரு பகுதியைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோவும்.